மோஹானே சாக்லேட் திரும்பப் பெறப்பட்டதன் காரணம்

காதல் முப்பத்தோரு பாகை செல்சியஸில் உறைகிறது. இந்த மாபெரும் உண்மையை மனித இனம் சற்றுத் தாமதமாகவேனும் கண்டுபிடித்துவிட்டது. அதற்காக நாம் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முற்காலத்தில் காதலை நிரூபிக்க ஆண்கள் மடலேறினார்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். பனைமட்டையில் செய்த குதிரையில் உட்கார்ந்து, ஊர் நடுவே வந்து, இன்னாள்தான் என் காதலி என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார்களாம். அநாகரிகமான வழக்கம். உடம்பெல்லாம் கீறல், ஊரெல்லாம் பேச்சு. இன்றைய முறை எவ்வளவோ மேலானது. பெண் அடுப்படியில் நின்று சாக்லேட்டை உருக்குகிறாள். ஆண் அதைப் படம் பிடித்து இணையத்தில் போடுகிறான். உழைப்பு சரிபாதியாகப் பகிரப்படுகிறது.

என் பெயர் தனுஜா. தயவுசெய்து இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் ஒரே ஒருவன், ஒரே ஒரு வீட்டில், ஒரே ஒரு முறை இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஒருவன் சஞ்சீவ். என் நான்கு வருடக் காதலன். பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. வீடு புலாவ் திக்குஸில். அப்பா அப்புத்துரை, ஓய்வுபெற்ற அரசாங்கத் தலைமைக் குமாஸ்தா. அம்மா ஞானாம்பிகை. இரண்டு பேரின் தாத்தாமாரும் யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போதே ஆங்கிலமும் பேனாவும் கொண்டு வந்தவர்கள். என் கொள்ளுத்தாத்தாவும் கப்பலில்தான் வந்தார், தமிழ்நாட்டிலிருந்து. அவர் கையில் பேனா இல்லை. வந்து இறங்கியதும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் கத்தியைக் கொடுத்தார்கள்.

சஞ்சீவிடம் நான் கேட்டது ஒன்றுதான். வீட்டில் என் பெயரைச் சொல். மூன்று எழுத்து.

"சொல்றேன்லா தனு. டைமிங் பார்க்கணும்."

நான்கு வருடமாக டைமிங் பார்த்தான். அவ்வளவு பொறுமையாக நேரம் பார்ப்பவரை நான் ரயில்வேயில்கூடக் கண்டதில்லை.

அந்த நேரத்தில்தான் அவன் அலுவலகம் 'பணியாளர் அன்பு வாரம்' என்ற மகத்தான திட்டத்தை அறிவித்தது. காதலர் தினம் என்று பெயர் வைத்தால் மேலிடத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பதால் இந்தப் பெயர். ஒவ்வொரு பணியாளரும் தன் 'அன்புக்குரியவர்' கையால் செய்த இனிப்பைக் கொண்டுவந்து பார்வைக்கு வைக்க வேண்டும். கடையில் வாங்கிய எதுவும் 'அன்பு' எனக் கருதப்பட மாட்டாது என்று சுற்றறிக்கை தெளிவாகச் சொன்னது.

சஞ்சீவ் போன் செய்தான்.

"தனு, சாக்லேட் செஞ்சு தரியா? ஹோம்மேட்."

"எனக்கு முட்டை அவிக்கவே அம்மா பக்கத்துல நிக்கணும்."

"நீ இன்ஜினியர்தானே. யூடியூப் பாரு. ஆபீஸ்ல எல்லா கேர்ள்பிரெண்டும் செய்றாங்க."

"பாய்பிரெண்டுங்க என்ன செய்றாங்க?"

"அவங்க கொண்டு வராங்க."

நியாயமான பதில். நான் ஒரு நிபந்தனை வைத்தேன்.

"ரெண்டு டின் செய்றேன். ஒண்ணு ஆபீசுக்கு. ஒண்ணு உங்க வீட்டுக்கு. உங்கம்மா ஒண்ணு எடுத்து வாயில போட்டதும், இத செஞ்சது யாருன்னு நீ சொல்லணும்."

"ஹலோ? ஹலோ? லைன் சரியில்ல தனு," என்றான். பினாங்கில் நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கிறது.

"ஓகே," என்றான் கடைசியில். "நல்ல பிளான்தான். வாய் இனிச்சா மனசும் இனிக்கும்."

எங்கள் வீடு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில். குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். பட்டத்தைச் சட்டம் போட்டு அம்மா குளிர்பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறார். யார் வந்தாலும் தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறப்பார்கள், அப்போது பார்க்காமல் தப்ப முடியாது என்பது அவர் கணக்கு. என் இறுதியாண்டு ஆய்வு, உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் இறுகும்போது எப்படிச் சுருங்குகிறது என்பதைப் பற்றியது. அந்த அறிவுக்கு நாடு தந்த மரியாதை, கடல் பாலத்துக்கு அக்கரையில் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு இன்ஜினியர் வேலை. குறையுள்ள பொருள் வாடிக்கையாளர் கைக்குப் போகக் கூடாது. தவறிப் போய்விட்டால், லாரி அனுப்பியாவது திரும்பப் பெற வேண்டும். எங்கள் துறையில் இதற்கு 'ரீகால்' என்று பெயர். தப்பு நடந்துவிட்டது என்று ஊரறியச் சொல்லும் துறை அது ஒன்றுதான். அதைவிடக் கௌரவமான சொல்லை நான் அறியேன்.

அம்மாவின் பெயர் மோகனா. தொழிற்சாலை கான்டீன் ஒன்றில் ஒரே அடுப்பில் முந்நூறு பேருக்குச் சமைப்பவர். நான் கிண்ணத்தில் வெப்பமானியை விட்டுக்கொண்டு நின்றதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"என்னடி இது? சாக்லேட்டுக்குக் காய்ச்சலா?"

"சூடு கூடினா பளபளப்பு போயிடும்மா."

"யாருக்கு? அந்தப் பையனுக்கா?"

"அவங்க வீட்டுக்கு."

அம்மா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். "அத முதல்லயே சொல்லக் கூடாது? தள்ளு. வெறும் கசப்பா இருக்கு, கொஞ்சம் ஏலக்காய் தட்டிப் போடுறேன். முதல் தடவையா அவங்க வீட்டுக்குப் போற பொருள்."

அச்சில் ஊற்றினோம். இறுகவில்லை. எங்கள் சமையலறை முப்பத்து நான்கு பாகை. காதல் உறைவதற்கு மூன்று பாகை அதிகம். குளிர்பெட்டியில் வைக்கலாம் என்றால், உள்ளே நெத்திலிக் கருவாடு இருந்தது. சாக்லேட் பக்கத்தில் இருப்பதன் வாசனையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். புலாவ் திக்குஸ்வரை நெத்திலி போக வேண்டாம் என்று முடிவு செய்து, குளிர்சாதனம் உள்ள ஒரே இடத்துக்குத் தட்டுகளைக் கொண்டுபோனேன். சஞ்சீவின் கார்.

காதலர்கள் காரில் ஊர் சுற்றுவது உலக வழக்கம். நாங்கள் சுற்றியது சாக்லேட் இறுக. தட்டுகள் பின் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தன. குளிர் முழு வேகத்தில். சஞ்சீவ் ஜாக்கெட் போட்டு ஓட்டினான். தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் ஜாலான் ஆயர் தெர்ஜுன் சாலைக்குள் திரும்பியதும் சட்டென்று காணாமல் போனான். பார்த்தால், இருக்கையில் சரிந்து கிடந்தான்.

"ஏன் குனியிற?"

"வெள்ளிக்கிழமை. அம்மா கோயிலுக்கு வருவாங்க."

"நீதான் கார் ஓட்டுற. ரோட்டப் பாரு."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்," என்றான், ஸ்டியரிங் வளையத்தின் உள்வழியாக.

மலைமேல் குடியிருப்பவர் காதலில் கைதேர்ந்தவர். வள்ளிக்காக வேடனாக வந்தார், வேங்கை மரமாக நின்றார், கிழவனாகத் தடுமாறினார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒளிந்ததாக எந்தப் புராணத்திலும் இல்லை. அந்தக் குறையை அன்று சஞ்சீவ் தீர்த்து வைத்தான்.

மறுநாள் மதியம் அலுவலகத்தில் 'அன்பு மதிப்பீடு'. அன்புக்குரியவர்களும் வரலாம் என்றார்கள். போனேன். அந்த அலுவலகத்தில் சஞ்சீவைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். "இவங்க தனுஜா, என் கேர்ள்பிரெண்ட்" என்று வரவேற்பாளரிடம் சொன்னான். மேலாளரிடம் சொன்னான். நகல் எந்திரம் பழுதுபார்க்க வந்தவரிடம்கூடச் சொன்னான். பாவம், அவர் மை படிந்த கையோடு கை குலுக்க முடியாமல் தவித்தார். என் பெயர் அவன் வாயில் அவ்வளவு சரளமாக வருவதைக் கேட்டு, இந்த அலுவலகத்திலேயே ஞானாம்பிகை ஆண்ட்டிக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன்.

அன்புக் குழுவின் தலைவர் ஹைருல், நல்ல மனிதர். என் சாக்லேட்டுகளை வரிசையாக அடுக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ஒரு சந்தேகம், காக்," என்று அக்கா முறை வைத்து மலாயில் தொடங்கினார். "எல்லாம் ஒரே அளவா இருக்கே."

"ஆமாம். எடை வித்தியாசம் ஒரு விழுக்காட்டுக்குள்தான்." தரக் கட்டுப்பாட்டுக்காரிக்கு இதைவிடப் பெருமை உண்டா?

"அதுதான் பிரச்சினை. அன்பு ஒரே அளவா வராது. இது கடைச் சரக்குன்னு குழு நினைக்குது."

"நான்தான் செஞ்சேன்."

"நான் நம்புறேன். குழு நம்பல."

"குழுவுல யாரு யாரு?"

"நான் ஒருத்தன்தான்."

இப்படிச் சொல்லிக்கொண்டே நான்காவதை வாயில் போட்டு "செடாப், நல்ல ருசி" என்று கண்ணை மூடினார். ருசி உண்டு, ஆனால் 'அன்பின் தடயம் போதவில்லை'. திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கலாம் என்று தீர்ப்பு.

அன்று மாலை வீட்டு டின்னின் கதி தெரிந்தது. சஞ்சீவ் சொன்னதை அப்படியே தருகிறேன். அப்புத்துரை அங்கிள் வீட்டில் எதுவும் கூட்டம் போடாமல் நடக்காது. மின்விசிறி மாற்றினாலும் கூட்டம்தான். சாப்பாட்டு மேசையில் டின்னை நடுவில் வைத்து, அங்கிள் தலைமையேற்றார்.

"இது என்ன?" என்று ஆண்ட்டி கேட்டிருக்கிறார்.

"சாக்லேட்மா. ஹோம்மேட்."

"ஹோம்மேட் எண்டால், ஆர்ட ஹோம்?"

"ஒரு... ஃபிரெண்டோட."

"அவை ஆர் ஆக்கள்?"

இந்தக் கேள்வி புரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். இது பெயரையோ ஊரையோ தொழிலையோ கேட்கும் கேள்வி இல்லை. அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பதைக் கேட்கும் கேள்வி. முன்னோர் கப்பலில் கொண்டுவந்த பெட்டியைக் கரையான் தின்றது, பாயைப் பூஞ்சை தின்றது. இந்தக் கேள்வி மட்டும் மடிப்புக் கலையாமல் பத்திரமாக இருக்கிறது. எங்கள் பக்கத்திலும் இதே கேள்வி உண்டு. நாங்கள் குலதெய்வம் எது, பூர்வீகம் எது என்று நாலு தெரு சுற்றி வந்து கேட்போம். அவர்கள் நேராகக் கேட்கிறார்கள். அந்த நேர்மையை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

"நீ என்ன சொன்ன?" என்று சஞ்சீவைக் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. அம்மாவுக்கு பிரஷர் இருக்கு."

"அவங்களுக்கு பிரஷர். உனக்கு என்ன வியாதி?"

"தனு, ரிலேக்ஸ்லா. அப்பா ரிஜெக்ட் பண்ணல. கே.ஐ.வி.-ல வெச்சிருக்காரு."

கே.ஐ.வி. என்பது நம் நாட்டு அலுவலகங்கள் உலகுக்கு வழங்கிய அரிய தத்துவம். ஆம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், 'பார்வையில் வைத்திருக்கிறோம்' என்று கோப்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பிறகு அந்தப் பக்கம் பார்க்காமலே இருப்பது. என் சாக்லேட் அவர்கள் குளிர்பெட்டியில் கே.ஐ.வி.-யில் இருந்தது. யாரும் தொடவில்லை. பிறகு ஆண்ட்டி அதை வாசல் காவலாளிக்குக் கொடுத்துவிட்டார். அவர் நேப்பாளத்துக்காரர். யார் வீட்டில் செய்தது என்று கேட்காமல் சாப்பிட்டாராம்.

டின் திரும்பி வந்தது. திறந்தால், உள்ளே நிறையச் சீனி.

அம்மா உருகிப்போனார். "பாத்தியா? வெறும் டின்ன அனுப்பல. சீனி போட்டு அனுப்பியிருக்காங்க. நல்ல பழக்கமுள்ள குடும்பம்டி."

"நம்ம சாக்லேட்ட அவங்க சாப்பிடலம்மா."

"சாப்பிடாட்டி என்ன? மரியாதை தெரிஞ்சவங்க."

அந்தச் சீனியில்தான் அந்த வாரம் முழுக்க நாங்கள் தேநீர் குடித்தோம். எனக்கு மட்டும் இனிக்கவில்லை.

சஞ்சீவ் அடுத்த திட்டத்தோடு வந்தான். அவனிடம் திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை.

"ஹோம்மேட்னு சொன்னதுதான் தப்பு. கடையில வாங்கினதுன்னு சொல்லிடுவோம்."

"எதுக்கு?"

"முதல்ல சாப்பிடட்டும். அப்பா அம்மாவோட நாப்பதாவது கல்யாண நாள் வருது. சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. நன்றியுரை நான்தான். எல்லாரும் சாக்லேட்ட சாப்பிட்டு, ஆஹான்னு சொல்லி முடிச்சதும், மைக்க புடிச்சு உன் பேரச் சொல்றேன். சாப்பிட்டத துப்ப முடியாதுல்ல? சாமி சத்தியமா."

"எந்தச் சாமி?"

"தண்ணீர்மலையான்."

"அங்கதான் குனிஞ்சியே."

"இந்தத் தடவ நிமிர்ந்து நிப்பேன் தனு. நீயே பாரு."

நம்பினேன். படித்தவள்தான், ஆனாலும் நம்பினேன். பல்கலைக்கழகத்தில் இதற்குப் பாடம் இல்லை.

இப்போது என் தொழில் வாழ்க்கையிலேயே மிகக் கடினமான உற்பத்தி தொடங்கியது. அலுவலகத்துக்குப் போகும் சாக்லேட், வீட்டில் செய்தது என்று பார்த்ததுமே தெரிய வேண்டும். வீட்டுக்குப் போகும் சாக்லேட், எந்த வீட்டிலும் செய்தது இல்லை என்று பார்த்ததுமே தெரிய வேண்டும். இரண்டும் ஒரே கிண்ணத்திலிருந்து வர வேண்டும்.

கோணலாகச் செய்ய என் கைக்கு வரவில்லை. எவ்வளவு முயன்றாலும் கோணல்கள் எல்லாம் ஒரே மாதிரிக் கோணலாக வந்தன. அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் கொழுக்கட்டை பிடிக்கிற வாக்கில் உருட்டி, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். அலுவலகத்தில் அதற்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. 'அன்பின் கைரேகை தெளிவாகத் தெரிகிறது' என்று ஹைருல் சான்றிதழில் எழுதினார். கைரேகை மோகனாவுடையது. சான்றிதழில் சஞ்சீவ் பெயர்.

வீட்டுப் பிரிவுக்கு அச்சு, தங்கத்தாள், வழவழப்பான பெட்டி எல்லாம் வாங்கினேன். ஒரு பெயர் வேண்டும். தமிழ்ப் பெயர் வைத்தால் அந்தக் கேள்வி வரும். யோசித்து, அம்மாவின் பெயரைக் கொஞ்சம் வளைத்து, 'மோஹானே – பெல்ஜியம் பாணி' என்று அச்சடித்தேன்.

அம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என் பேரா?"

"ஆமாம்மா."

"ஏன் இப்படி மூக்கடைச்ச மாதிரி இருக்கு?"

"வெளிநாட்டுல அப்படித்தான் சொல்வாங்க."

"சரி. நான் ஈப்போ தாண்டிப் போனதில்ல. பேராவது போகட்டும்," என்றார். அதோடு விடவில்லை. "எப்ப திரும்பி வரும்?"

முன்னோட்டமாக ஒரு பெட்டியைச் சஞ்சீவ் வீட்டுக்குக் கொண்டுபோனான். கூட்டம் கூடியது. ஆண்ட்டி ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

"ஆர் செய்தது?"

"பெல்ஜியம்மா."

"அதுதானே. வெள்ளைக்காரர் எண்டால் சுத்தமாச் செய்வினம்."

பெல்ஜியக்காரர்கள் ஆர் ஆக்கள் என்று யாரும் கேட்கவில்லை. மென்றுகொண்டே ஆண்ட்டி கொஞ்சம் யோசித்தாராம்.

"ஏலக்காய் மணக்குது. பெல்ஜியத்திலயும் ஏலக்காய் விளையுதோ?"

"குளிர் நாடு, ஞானம். விளையாது," என்றார் அங்கிள். "இறக்குமதி செய்வினம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கல்யாண நாளுக்கு மோஹானே சாக்லேட், பெரிய டின்னில், ஆர்டர்.

"நீயே கொண்டு வா, டெலிவரி மாதிரி," என்றான் சஞ்சீவ். "நான் பேசுறப்போ நீ அங்க நிக்கணும்."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அம்மாவும் நானும் இரண்டு இரவு மின்விசிறிக்கு முன்னால் பனிக்கட்டித் தட்டுகளை அடுக்கி, சாக்லேட்டை இறுக வைத்தோம். அம்மா கடைசியாக மூடியைச் சாத்தும்போது டின்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்னைப் பெண்பார்க்க வருபவர்களுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையை ஒரு பிஸ்கட் டின்னுக்குக் கொடுத்தார்.

சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்து தொழிற்சாலைச் சீருடையிலேயே பாலம் கடந்து போனேன். புலாவ் திக்குஸ் வீட்டு முன்னால் கூடாரம், நாற்காலிகள், அறுபது எழுபது பேர். ஆண்ட்டி வாசலில் நின்றார். பட்டுப்புடவை, களையான முகம்.

"டெலிவரிப் பிள்ளையோ? வாரும், வாரும். வெயிலுக்குள்ள வந்திருக்கிறீர். அந்த மேசையில வையும். சர்பத் குடிச்சிட்டுப் போம்."

அன்பானவர்தான். என்னைக் கோபப்படக்கூட விடவில்லை.

மேசை ஓரம் நின்றேன். டின் திறந்தது. நிமிடத்தில் முக்கால்வாசி காலி. "பெல்ஜியம் பெல்ஜியம்தான்" என்று ஒருவர் சொன்னார். "நான் பிரசல்ஸ் ஏர்போர்ட்டில வாங்கினனான், இதே ருசி" என்று இன்னொருவர் உறுதிப்படுத்தினார். கான்டீனில் அந்நேரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மோகனாவுக்கு விக்கியிருக்கும்.

நிகழ்ச்சி நிரல்படி நன்றியுரை. சஞ்சீவ் மைக்கைப் பிடித்தான். உண்மையிலேயே நிமிர்ந்து நின்றான். கூடாரம் போட்டவருக்கு நன்றி சொன்னான். நாற்காலி கொடுத்தவருக்கு. சமையல்காரருக்கு. கார் நிறுத்த இடம் விட்ட பக்கத்து வீட்டுச் சீனருக்கு. மழை பெய்யாததற்கு வானத்துக்கு.

"கடைசியா," என்றான். என்னைப் பார்த்தான். நான் சீருடைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். "கடைசியா, இந்த அருமையான சாக்லேட்ட செஞ்ச..."

தன் அம்மாவைப் பார்த்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மறுபடி என்னைப் பார்த்தான்.

"...பெல்ஜியம் கம்பெனிக்கும் எங்க குடும்பத்தோட நன்றி."

பலத்த கைதட்டல். அந்த நாட்டுக்குப் பினாங்கில் அப்படி ஒரு வரவேற்பு அதற்கு முன் கிடைத்திருக்காது.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. குறையைக் கண்டவர்தான் எந்திரத்தை நிறுத்த வேண்டும். மேலதிகாரி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பையிலிருந்து சிவப்புப் பிளாஸ்டிக் பையை எடுத்து உதறினேன். கழிவுப் பொருளுக்கான பை, எப்போதும் ஒன்று வைத்திருப்பேன். மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"எல்லாரும் மன்னிக்கணும். இந்தச் சாக்லேட் ரீகால் செய்யப்படுது. கையில இருக்கிறத இந்தப் பையில போட்டுடுங்க. வாயில இருக்கிறது உங்க பொறுப்பு."

கூடாரம் உறைந்தது. முப்பத்து நான்கு பாகை வெயிலில். ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அஞ்சு திண்டிட்டன், பிள்ளை. ஏதும் செய்யுமோ?"

"ஒண்ணும் செய்யாது, தாத்தா. பொருள்ல குறை இல்ல. வந்த வழியிலதான் குறை."

அப்புத்துரை அங்கிள் எழுந்து வந்தார். சால்வை சரிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. இது அவர் துறை.

"நில்லும், பிள்ளை. ரீகால் எண்டால் காரணம் சொல்ல வேணும். நான் அரசாங்கத்தில இருந்தனான். காரணம் இல்லாமல் ஒரு குண்டூசியும் திரும்ப வாங்க ஏலாது."

"சரியாச் சொன்னீங்க, அங்கிள். காரணம் உங்க மகனுக்குத் தெரியும். ஆர்டர் கொடுத்தவர் அவர்தான். மைக்கும் அவர் கையிலதான் இருக்கு."

எல்லாத் தலைகளும் திரும்பின. இதைவிட நல்ல டைமிங்கை நான்கு வருடம் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. கூட்டம் தயார், மைக் தயார், தலைவர் கேள்வியே கேட்டுவிட்டார். மூன்று எழுத்துதான் பாக்கி.

சஞ்சீவின் முழங்கால்கள் மெல்ல மடங்கின. தண்ணீர்மலை அடிவாரத்தில் பார்த்த அதே குனிவு. இங்கே ஒளிய ஸ்டியரிங் இல்லை. மைக் கம்பிக்குப் பின்னால் ஒளிய முயன்றான்.

"அது... உருகிடுச்சுப்பா," என்றான். "வெயில்லா."

"ஓ," என்றார் அங்கிள். "அப்ப சரி. குறிச்சாச்சு."

கூட்டத்துக்கு உயிர் வந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டே சாக்லேட்டுகளைப் பையில் போட்டார்கள். அரைக்கடி கடித்ததை ஒருவர் தயங்கித் தயங்கிப் போட்டார். பையைக் கட்டினேன். காலி டின்னை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். சஞ்சீவ் இருந்த பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கம்பிதான் தெரிந்திருக்கும்.

"பிள்ளை, நில்லும்."

ஆண்ட்டி பின்னாலேயே ஓடி வந்தார். பட்டுப்புடவையோடு, மூச்சிரைக்க. என் கையிலிருந்து டின்னை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது டின் நிறையச் சீனி. மேலே இரண்டு வாழைப்பழம்.

"வெறும் டின் இந்த வீட்டு வாசலைத் தாண்டப்படாது. என்ர மாமியார் காலத்தில இருந்து அப்படித்தான்." டின்னை என் கையில் வைத்தார். "உம்மட பேர் என்ன?"

"தனுஜா."

"தனுஜா. வடிவான பேர்."

அவ்வளவுதான். அந்த வீட்டில் என் பெயர் சொல்லப்பட்டுவிட்டது. பிரஷர் ஏறவில்லை, கூரை விழவில்லை, கூடாரம்கூட அசையவில்லை. நான்கு வருடத் திட்டம் ஐந்து விநாடியில் முடிந்தது. சொல்ல வேண்டியவர் மட்டும் மாறிப்போனார்.

ஆண்ட்டி என் சீருடையை, முகத்தை, நிறத்தை நிதானமாகப் பார்த்தார். அடுத்த கேள்வி வந்தது, மடிப்புக் கலையாமல்.

"நீங்கள் ஆர் ஆக்கள், பிள்ளை?"

"பெல்ஜியம், ஆண்ட்டி," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வீட்டில் அம்மா டின்னைத் திறந்தார். சீனியைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். இந்த முறை குடும்பத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "என் பேரு திரும்பி வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டார். சிவப்புப் பையைக் காட்டினேன். அரைக்கடி பட்டதை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை இருவரும் சாப்பிட்டோம். அபாரமாக இருந்தது. ஒன்றுகூட உருகவில்லை.

அந்த வேளையில் சஞ்சீவிடமிருந்து செய்தி வந்தது. "சாரி தனு. டைமிங் சரியில்ல. அப்பா கூல் ஆனதும் சொல்றேன். ப்ளீஸ் கே.ஐ.வி."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னொரு சாக்லேட்டை எடுத்தேன். ஆனால் அந்தக் குடும்பத்தின் உயர்ந்த பண்பாட்டை இன்றும் யார் கேட்டாலும் போற்றிச் சொல்கிறேன். தலைமுறை தலைமுறையாக, எதன்பொருட்டும், வெறும் டின்னை அவர்கள் வாசல் தாண்ட விடுவதே இல்லை. அதனால்தான் சஞ்சீவ் இன்னும் உள்ளேயே இருக்கிறான்.